கடுகளவு மதகு: கர்னல் எலியட்டும் நம் குழந்தைகளின் கண்களும்



மலருக்காக ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். சிவில் படித்தவன், கம்பம் பக்கத்துக்காரன் என்றால் கர்னல் பென்னிகுவிக்கைத்தான் எழுதுவான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். நியாயம்தான். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து நம்ம பக்கம் திருப்பியவர். லோயர் கேம்பில் 2013 முதல் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பொங்கல் நாளில் அவர் பிறந்த நாளையும் சேர்த்துக் கொண்டாடுகிற ஊர்கள் நம்மிடம் உண்டு. அவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

நான் எழுதப் போவது இன்னொரு கர்னலைப் பற்றி. பென்னிகுவிக் வேலை முடித்துப் போன அதே சென்னை மாகாணத்தில், அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில், அவரும் தேங்கிய நீருக்கு ஒரு வழி திறந்தார். அந்த வழியின் அகலம் சுமார் 2 மில்லிமீட்டர். திறந்த இடம் மனிதனின் கண். பெயர் லெப்டினன்ட் கர்னல் ராபர்ட் ஹென்றி எலியட். உலகத்துக் கண் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். நம்மவர்களுக்குத்தான் அவ்வளவாகத் தெரியாது. எனக்கும் எங்கள் வீட்டுக் குழந்தை ஒன்றுக்கு அந்த நோய் வந்த பிறகுதான் தெரிந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எழும்பூர் ஆஸ்பத்திரி

எலியட் 1864-இல் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, 1890-களில் இந்த நாட்டுக்கு வந்தார். அந்தக் காலத்து ராணுவ டாக்டர்கள் ஒரே துறையில் நின்றவர்கள் இல்லை. எலியட்டும் முதலில் பாம்பு விஷத்தை ஆராய்ந்தார். எடின்பரோ பேராசிரியர் ஃப்ரேசருடன் சேர்ந்து கடல் பாம்புகளின் நஞ்சைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எதையும் அளந்து, எண்ணி, குறித்து வைக்கிற பழக்கம் அங்கே வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். கண் பக்கம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

1904-இல் சென்னை அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பு அவருக்கு வந்தது. சாதாரண இடமல்ல அது. 1819-இல் தொடங்கியது. லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்து உலகின் பழைமையான கண் ஆஸ்பத்திரி என்று அதைச் சொல்வார்கள். முதலில் ராயப்பேட்டையில் இருந்து, பிறகு எழும்பூருக்கு வந்தது. மாகாணம் முழுவதிலிருந்தும், ஏன், அதற்கு வெளியிலிருந்தும் ஜனங்கள் அங்கே வந்தார்கள்.

நம்ம பள்ளத்தாக்கு அப்போது மதுரை ஜில்லா. தேனி மாவட்டம் என்கிற பேச்சே 1996-இல்தான். போடிக்கு ரயில் வந்தது 1928-இல். எனவே எலியட் காலத்தில் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ ஒருவருக்குப் பார்வை மங்கினால், எழும்பூர் போவதற்கு முதலில் மாட்டு வண்டி கட்டி, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாக அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கு வர வேண்டும். அங்கிருந்து ரயிலேறி ராத்திரி பகலாகப் போக வேண்டும். அப்படி ஒரு தடவை போய் வருவதே பெரிய காரியம். மாசா மாசம் வந்து காட்டு, தினமும் மூன்று வேளை சொட்டு மருந்து விடு என்றால் நடக்குமா? எலியட் எதிர்கொண்ட பிரச்சினையின் பாதி இதுதான். மீதிப் பாதி கண்ணுக்குள் இருந்தது.

கண்ணுக்குள் ஓடும் தண்ணீர்

கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோயை நம் போன்ற இஞ்சினியர்களுக்கு விளக்குவது சுலபம். கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு. நிமிடத்துக்கு இரண்டு முதல் இரண்டரை மைக்ரோலிட்டர். ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் சுமார் 3 மில்லி. சுரந்த நீர், கருவிழியும் ஐரிஸும் சேரும் ஓரத்தில் உள்ள சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து, ஒரு நுண்ணிய வாய்க்காலில் விழுந்து, ரத்தத்தில் கலந்துவிடும். வரத்தும் போக்கும் சமமாக இருக்கிற வரைக்கும் கண்ணில் அழுத்தம் சுமார் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் நிற்கும். ஹைட்ராலிக்ஸ் லேபில் மேனோமீட்டர் பார்த்தவர்களுக்குச் சொன்னால், 15 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 20 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர், அவ்வளவுதான்.

வரத்து நிற்காமல் போக்கு அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று நம்ம ஊர்க் கண்மாய்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அழுத்தம் ஏறும். 40 மில்லிமீட்டர் பாதரசம் ஏறினால் அது அரை மீட்டருக்கு மேல் தண்ணீர். கண் போன்ற மென்மையான பாத்திரத்துக்கு அது மிக அதிகம்.

அந்த அழுத்தம் எங்கே போய் அடிக்கிறது என்பதுதான் விஷயம். கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு லட்சம் நரம்பு இழைகள் கிளம்பி, ஒரே இடத்தில் கூடி, ஒரு வடம்போலச் சேர்ந்து மூளைக்குப் போகின்றன. அந்த வடம்தான் பார்வை நரம்பு. அது கண்ணை விட்டு வெளியேறும் வாசலின் குறுக்களவு சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். அங்கே கண்ணின் சுவர் கெட்டியாக இராமல், சல்லடைத் தட்டு மாதிரி துளைகளோடு இருக்கும். ஒவ்வொரு துளை வழியாகவும் நரம்பு இழைக் கற்றைகள் நுழைந்து போகும். கண்ணில் அழுத்தம் கூடும்போது கண்ணின் சுவரிலேயே பலம் குறைந்த அந்த இடம் பின்னால் வளைகிறது. துளைகளில் நரம்பு இழைகள் நெரிபடுகின்றன. இழைக்குள் முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்த சத்துப் பொருள்களின் ஓட்டம் தடைப்படுகிறது. அந்த இடத்துக்கு வரும் ரத்தமும் குறைகிறது. மெல்ல மெல்ல விழித்திரையில் உள்ள நரம்புச் செல்லே செத்துப் போகிறது. செத்த செல் மறுபடி முளைப்பதில்லை. இன்றைக்கு வரைக்கும் அதை முளைக்க வைக்கிற வைத்தியம் உலகில் எங்கும் கிடையாது.

கண்புரை வந்தவருக்கு ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பும். இதில் போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்றலாம். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால்கூட இந்தக் கட்டுரை படித்த பலன் உண்டு.

1909

எலியட்டுக்கு முன்னால் வைத்தியமே இல்லை என்று சொல்ல முடியாது. 1851-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணுக்குள் பார்க்கும் கருவியைக் கொண்டு வந்தார். அதன் பிறகுதான் பார்வை நரம்பின் வாசலில் குழி விழுவதை உயிருள்ள மனிதனிடம் டாக்டர்களால் பார்க்க முடிந்தது. 1857-இல் பெர்லின் நகரத்து வான் கிரேஃப், ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் சிலவகைக் கிளாக்கோமா அடங்குகிறது என்று அறிவித்தார். 1870-களில் சொட்டு மருந்துகளும் வந்துவிட்டன. ஆனால் திடீரென்று வலியோடு வரும் வகைக்குத்தான் அந்த ஆபரேஷன் நன்றாக உதவியது. சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் அரித்துத் தின்னும் வகைக்கு அது போதவில்லை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டு ஊரில் இருக்கலாம் என்றால், மருந்து கிடைக்க வேண்டும், அழுத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆள் வேண்டும்.

ஆகவே டாக்டர்களின் தேடல் ஒரே திசையில் போனது. ஒரு முறை செய்துவிட்டால், அதற்குப் பிறகு தண்ணீர் தானாகவே வடிந்துகொண்டிருக்க வேண்டும். பிரான்ஸில் லக்ராஞ்ச் என்பவர் 1906-இல் வெண்விழியில் ஒரு சிறு பகுதியை வெட்டி வழி செய்தார். எலியட் 1909-இல் எழும்பூரில் வேறு விதமாகச் செய்தார். ட்ரெஃபைன் என்பது வட்ட வாய் கொண்ட சின்ன வெட்டுக் குழாய். கிணறு தோண்டும் முன் மண் மாதிரி எடுக்க நாம் இறக்குவோமே ஒரு குழாய், அந்த மாதிரி. அளவில் மட்டும் சின்னது. கண்ணின் மேல் தோல்போல இருக்கும் மெல்லிய படலத்தை மடல் மாதிரி தூக்கி, கருவிழியும் வெண்விழியும் சேரும் வரப்பில், பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கமாக அந்தக் குழாயை வைத்து விரலால் திருப்பினால், ஒரு சின்ன வட்டத் துண்டு கழன்று வரும். மடலை மூடிவிட வேண்டும். உள்ளே தேங்கிய நீர் அந்தத் துளை வழியாகப் படலத்துக்கு அடியில் கசிந்து, அங்கிருந்து உடம்பால் உறிஞ்சப்படும். அதே சமயத்தில் ஸ்காட்லாந்தில் ஃபெர்கஸ் என்பவரும் தனியாக இதுபோன்ற முறைக்கு வந்து சேர்ந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதை நூற்றுக்கணக்கான கண்களில் செய்து, படிப்படியாகத் திருத்தி, எங்கே துளையிட வேண்டும், எவ்வளவு அகலம், எது தப்பாகப் போகும் என்று உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் எலியட். 1913-இல் இதற்கென்றே புத்தகம் எழுதினார். எலியட் ட்ரெஃபைன் என்ற பெயரோடு அந்தக் கருவி உலகெங்கும் போனது. லண்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள டாக்டர்கள், சென்னையில் பிறந்த ஒரு ஆபரேஷனைக் கற்றுக்கொண்டார்கள். நமக்கு இதில் பெருமைப்பட இடம் உண்டு. அந்த வட்டத் துளையைத் தாங்கிய முதல் கண்கள் பெரும்பாலும் நம் மாகாணத்து ஏழை ஜனங்களின் கண்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் பெயர் எதுவும் கருவிக்கு வைக்கப்படவில்லை.

குறையும் இருந்தது. துளைக்கு மேல் ஒரு மெல்லிய படலம் மட்டுமே மூடி. மதகு இருக்கிறது, ஷட்டர் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். சில கண்களில் தண்ணீர் தேவைக்கு மேல் வடிந்து கண் தொய்ந்து போனது. சில கண்களில் ஆண்டுகள் கழித்து அந்த மெல்லிய இடம் வழியாகக் கிருமி புகுந்தது. 1968-இல் இங்கிலாந்தில் கெய்ர்ன்ஸ் என்பவர், வெண்விழியிலேயே பாதிக் கனத்துக்கு ஒரு மூடி செய்து, அதற்கு அடியில் வழி திறக்கும் முறையை வெளியிட்டார். ஷட்டர் வந்துவிட்டது. இன்று உலகெங்கும் நடப்பது பெரும்பாலும் அதன் வழி வந்ததுதான். ஆனாலும் தண்ணீரைக் கண்ணின் சுவருக்கு வெளியே கொண்டு வந்து படலத்துக்கு அடியில் விடலாம் என்று பெரிய அளவில் செய்து காட்டிய தலைமுறையில் எலியட் முன்னணியில் நிற்கிறார்.

அவர் செய்த இன்னொரு வேலையும் நம் ஊர்களுக்குச் சம்பந்தப்பட்டது. அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிவரும் கண் வைத்தியர்கள், புரை விழுந்த கண்ணில் ஊசியைக் குத்திப் புரையை உள்ளே தள்ளிவிடுவார்கள். உடனே வெளிச்சம் தெரியும். வைத்தியர் காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஊர் போய்விடுவார். சில மாதத்தில் கண் சீழ் பிடிக்கும், அல்லது அழுத்தம் ஏறிக் குருடாகும். அப்படிக் கெட்டுப்போய் எழும்பூருக்கு வந்த கண்களை எலியட் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். 1917-இல் லண்டன் ராயல் சர்ஜன்ஸ் கல்லூரியில் அதைப் பற்றியே சொற்பொழிவு செய்து, புத்தகமாகவும் போட்டார். ஆட்சியாளரின் தொனி அதில் இருக்கத்தான் செய்யும். ஆனால் கணக்கு கணக்குதான்.

மந்திரக் கயிறு

1914 வாக்கில் எலியட் இந்தியாவை விட்டுப் போனார். லண்டனில் வெப்ப மண்டலக் கண் நோய்களைப் பற்றிப் பாடம் நடத்தினார். கிளாக்கோமாவைப் பற்றி விரிவான நூலும், 1920-இல் வெப்ப மண்டலக் கண் மருத்துவ நூலும் எழுதினார். ஓய்வுக் காலத்தில் அவர் பிடித்த பொழுதுபோக்குதான் வேடிக்கை. மந்திர வித்தைக்காரர்களின் சங்கமான மேஜிக் சர்க்கிளில் சேர்ந்து, அதிசயங்களை ஆராயும் குழுவுக்குத் தலைவரானார். அந்தரத்தில் கயிறு நிற்க, அதில் சிறுவன் ஏறி மறையும் இந்தியக் கயிறு வித்தையைத் திறந்த வெளியில் செய்து காட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று 1934-இல் அந்தக் குழு அறிவித்தது. பரிசை யாரும் வாங்கவில்லை. பாம்பு விஷமானாலும், ஊசி வைத்தியமானாலும், மந்திரக் கயிறானாலும் அவர் கேட்டது ஒன்றே: நேரில் பார்த்தது யார், எத்தனை பேர், கணக்கு எங்கே? 1936-இல், 72 வயதில் காலமானார். எழும்பூர் கண் மருத்துவமனையில் அவர் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது.

குழந்தைகள்

எலியட்டின் மதகு பெரியவர்களுக்குப் பெரிதும் உதவியது. குழந்தைகளிடம் அது அவ்வளவாகப் பலிக்கவில்லை. பிறக்கும்போதே அல்லது முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் வரும் கிளாக்கோமா வேறு மாதிரி. குழந்தை கருவில் வளரும்போது அந்த வடிகால் திசு சரியாக உருவாவதில்லை. வரத்து இருக்கிறது, போக்கு பிறவியிலேயே இல்லை. எலியட் காலத்தில் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் பார்வையிழந்தே வளர்ந்தார்கள். அமெரிக்காவில் பார்க்கன் என்பவர் 1930-களின் கடைசியிலும் 1940-களின் தொடக்கத்திலும், புதுத் துளை போடாமல், அடைபட்ட வடிகால் திசுவையே நுண்ணிய கத்தியால் கீறித் திறந்துவிடும் முறையைக் காட்டிய பிறகுதான் நிலைமை மாறியது. 1960-இல் அதையே வெளிப்பக்கமிருந்து திறக்கும் முறை வந்தது. இன்று நம் நாட்டில் பல இடங்களில் அதையும் கெய்ர்ன்ஸ் வழி வந்த ஆபரேஷனையும் சேர்த்தே செய்கிறார்கள்.

குழந்தையின் கண்ணில் நரம்புக்கு நடப்பது பெரியவருக்கு நடப்பதிலிருந்து இரண்டு விதத்தில் மாறுபடும். முதலாவது, குழந்தையின் கண் சுவர் ரப்பர் மாதிரி இழுபடும். அழுத்தம் ஏறினால் கண்ணே பெரிதாகும். பிறந்த குழந்தையின் கருவிழி சுமார் 10 மில்லிமீட்டர் குறுக்களவு இருக்கும். முதல் ஆண்டுக்குள் 12-ஐத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும். காளைக் கண் என்று மேல்நாட்டு மருத்துவத்தில் பெயரே வைத்திருக்கிறார்கள். இழுபடும்போது கருவிழியின் உட்படலம் கிழிந்து, நீர் கோத்து, கண்ணில் பனி மூட்டம் மாதிரி ஒரு வெளுப்பு வரும். வெளிச்சம் கூசும். கண்ணில் நீர் வடியும். குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைக்கும்.

இரண்டாவது, நல்ல செய்தி. நரம்பு வாசலின் சல்லடைத் தட்டும் குழந்தைக்கு நெகிழ்ந்து கொடுக்கும். அழுத்தத்தில் வேகமாகக் குழி விழும். ஆனால் சீக்கிரமே அழுத்தத்தை இறக்கிவிட்டால் அந்தக் குழி திரும்பச் சிறிதாவதும் உண்டு. பெரியவர்களிடம் அப்படி ஆவது அபூர்வம். குழி சுருங்கியது என்றால் செத்த நரம்பு பிழைத்தது என்று அர்த்தமில்லை. நெரிபட்டும் சாகாமலிருந்த இழைகள் தப்பித்தன என்று அர்த்தம். ஆக, குழந்தைக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்காவைத் தாய்மாமனுக்கே கொடுத்தோம். நம்ம பக்கம் இது புதிதல்ல. அவர்களுக்குப் பிறந்த மூத்த பெண்ணுக்குப் பெரிய பெரிய கண். பார்த்தவர்கள் எல்லாம் மீனாட்சி கண் என்றார்கள். திருஷ்டி பட்டுவிடும் என்று அப்பத்தா தினமும் மிளகாய் சுற்றிப் போட்டது. பிள்ளை வாசலுக்கு வந்தாலே முகத்தை மூடிக்கொள்ளும். வெயில் ஆகாது போல என்று விட்டார்கள். கண்ணில் நீர் வடிந்ததற்கு ஒரு மருந்துக் கடையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். எட்டாவது மாதம் தடுப்பூசி போட வந்த இடத்தில் கிராம செவிலியர் அம்மா குழந்தையின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மயக்கம் கொடுத்து அழுத்தம் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் நோய். வலது கண்ணில் நரம்பு நிறையப் போயிருந்தது. அந்த வாரமே ஆபரேஷன் ஆனது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு, அடைத்த வடிகாலையும் புதுவழியையும் காட்டியபோது, எனக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் புரிந்தது. புரிந்ததால் பயம் குறையவில்லை. எலியட் என்ற பெயரை முதலில் கேட்டது அந்தப் பேச்சில்தான்.

இன்று அவள் மூன்றாம் வகுப்பு. இடது கண்ணில் கண்ணாடி போட்டு நன்றாகப் படிக்கிறாள். வலது கண்ணில் வெளிச்சமும் கை அசைவும் தெரியும், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அழுத்தம் பார்க்க வேண்டும், ஆயுள் முழுக்க. அடுத்துப் பிறந்த தம்பியைப் பிறந்த வாரமே காட்டினோம். அவனுக்கு ஒன்றுமில்லை.

சொந்தத்தில் கல்யாணம் செய்வதைப் பற்றி இங்கே நான் உபதேசம் செய்யப் போவதில்லை. விவரத்தை மட்டும் வைக்கிறேன். பிறவிக் கிளாக்கோமாவுக்குக் காரணமான ஒரு முக்கிய மரபணு 1997-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பெற்றோர் இருவரிடமும் அந்தப் பழுதின் ஒரு பிரதி மறைந்திருந்தால், அவர்களுக்கு நோய் இருக்காது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. ரத்த சொந்தத்தில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடும். மேல்நாடுகளில் சுமார் 10,000 பிறப்புக்கு ஒன்று என்று சொல்லப்படும் இந்த நோய், ஆந்திரத்தில் எடுத்த கணக்கில் சுமார் 3,300-க்கு ஒன்று என்று வந்தது. கணக்கைப் பார்த்துவிட்டு நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்றைய பள்ளத்தாக்கு

எலியட் காலத்தில் நம் ஜனங்கள் வண்டி கட்டி, ரயிலேறி எழும்பூர் போக வேண்டியிருந்தது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனிக்கும் வந்துவிட்டது. சின்னமனூரிலிருந்தும் போடியிலிருந்தும் அரை நாள் லீவு போட்டால் பார்த்துவிட்டு வரலாம். குழந்தைகளுக்குப் பெரிய ஆபரேஷன் என்றால் மதுரை. தூரம் இப்போது நமக்குத் தடை இல்லை. பெரிய கண் அழகு என்று விட்டுவிடுவதுதான் தடை.

ஆகவே, முப்பது நாற்பது வயதில் இருக்கும் என் செட் நண்பர்களுக்கும், நாளைக்குப் பெற்றோர் ஆகப்போகும் தம்பி தங்கைகளுக்கும் நான்கு விஷயம்.

கைக்குழந்தைக்குக் கண் வழக்கத்துக்கு மேல் பெரிதாக இருந்தாலோ, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிந்தாலோ, கருவிழி பளபளப்பு குறைந்து வெளுத்திருந்தாலோ, வெளிச்சத்தைக் கண்டு முகத்தைத் திருப்பி நீர் வடித்தாலோ, அந்த வாரமே கண் டாக்டரிடம் காட்டுங்கள். நீர் வடிவதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. அதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

வீட்டில் ஒரு குழந்தைக்கு இருந்தால், கூடப் பிறந்த அத்தனை பேரையும் காட்டுங்கள்.

அரிப்பு, அலர்ஜி என்று கடையில் சொட்டு மருந்து வாங்கி மாதக் கணக்கில் பிள்ளைகளுக்குப் போடாதீர்கள். பல மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. அதுவே சில பிள்ளைகளுக்கு அழுத்தத்தை ஏற்றி, சத்தமில்லாமல் நரம்பைத் தின்றுவிடும்.

ஆபரேஷன் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கண்ணாடி, நல்ல கண்ணைக் கொஞ்ச நேரம் மூடி மற்றதைப் பழக்குவது, காலா காலத்துக்கு அழுத்தம் பார்ப்பது எல்லாம் தொடர வேண்டும். அணை கட்டியாச்சு என்று பராமரிப்பை விட்டால் என்ன ஆகும் என்று சிவில்காரர்களுக்குத் தெரியும்.

கர்னல் எலியட் நம்ம பள்ளத்தாக்குக்கு வந்து போனாரா என்று கேட்காதீர்கள். அவர் செய்த வேலை வந்து சேர்ந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், தேங்கிய நீரை வெளியேற்றும் வழிகள்தான் பெருகியிருக்கின்றன. போன நரம்பைத் திருப்பித் தர அவராலும் முடியவில்லை, அவருக்குப் பின் வந்தவர்களாலும் முடியவில்லை. அதனால் நேரத்தோடு போவது ஒன்றே நம் கையில் இருக்கிறது.

இந்தச் சந்திப்பில் எல்லோரும் குடும்பத்தோடு வருவதாகக் கேள்விப்பட்டேன். மகிழ்ச்சி. கைக்குழந்தை யார் கையில் இருந்தாலும் நான் வந்து கண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
சிவில் பிரிவு முன்னாள் மாணவன்